முதல் போன் எனக்கு வேண்டாம்

காலை 4.55-க்கு போன் அடித்தால் வளைகுடாவில் இருக்கிறவனுக்கு வயிறு கலங்கும். அது ஊரில் 6.25. அந்த நேரத்தில் கல்யாணச் செய்தி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை.

2017 நவம்பர். ஷார்ஜாவில் அன்றைக்குத்தான் லேசாகக் குளிர் ஆரம்பித்திருந்தது. அம்மாதான். "மக்ளே, அப்பாக்க வாய் ஒரு பக்கமா கோணிப்போச்சு. பேசுனா ஒண்ணும் மனசிலாவல்ல. வலது கை தூக்க மாட்டேங்குது. என்ன செய்யட்டும்?"

என்ன செய்யட்டும். இந்தக் கேள்வியைத்தான் ஏழெட்டு வருஷமாகத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பாதித் தூக்கத்தில், பி.காம் படித்துவிட்டு லோன் ஃபைல் பார்க்கிற ஒருத்தனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அம்மா கேட்டாள். ஏனென்றால் பதினெட்டு வருஷமாக வீட்டில் எல்லா முடிவும் என்னைக் கேட்டுத்தான். ரப்பருக்கு மருந்தடிப்பதா, தங்கச்சி மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பதா, கிணறு ஆழப்படுத்துவதா, எல்லாம். பணம் அனுப்புகிறவன் முடிவும் சொல்லவேண்டும் என்பது எழுதாத சட்டம். அன்றைக்கும் அதே சட்டம்தான் வேலை செய்தது.

இதை எழுதுவதற்குக் காரணம், போன மாதம் எங்கள் கட்டிடத்தில் இருக்கிற ஒரு நண்பருக்கு இதே மாதிரி ஒரு போன் வந்தது. அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவரும் நான் செய்ததையே செய்தார். நாலு பேருக்குப் போன் போட்டார். அப்போதுதான் தோன்றியது, இதை வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, எழுதி வைத்துவிட வேண்டும் என்று.

முதலில் எங்க ஊரைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளறடை. திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிற மலையோர ஊர். குரிசுமலை, காளிமலை என்றால் சிலருக்குத் தெரியும். பனச்சமூடு சந்தையில் நின்றால் ஒரு கால் கேரளத்திலும் ஒரு கால் குமரி மாவட்டத்திலும் வைக்கலாம். 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை அந்தப் பக்கம் போயிற்று. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம் என்று எங்கள் தலைமுறை வளர்ந்தது அப்படித்தான். நெய்யாற்றின்கரை சுமார் 20 கிலோமீட்டர், திருவனந்தபுரம் சுமார் 40. அதிகாலையில் ரோடு காலியாக இருந்தால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம் போய்விடலாம். இந்த ஒன்றரை மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டும்.

சரி, அன்றைக்கு நடந்தது. பேங்க்காரன் புத்தி, ரீகன்சிலியேஷன் போடாமல் தூக்கம் வராது. எல்லோரிடமும் விசாரித்து, போன் கால் ரெக்கார்ட் பார்த்து, பின்னால் போட்ட கணக்கு இது.

அப்பா விடியுமுன் கட்டன் சாயா குடித்துவிட்டுப் பால் வெட்டப் போனவர். அம்மா 5 மணிக்கு அவரை நன்றாகப் பார்த்திருக்கிறாள். 6.10-க்குப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார், கத்தி கீழே கிடந்தது. அம்மா சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். புரை ஏறி இருமினார். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்து, "ஒண்ணும் பயப்படாதீங்க அக்கா, கேஸா இருக்கும்" என்றிருக்கிறார். 6.25-க்கு எனக்குப் போன்.

நான் என்ன செய்தேன்? நாகர்கோவிலில் மருந்துக்கடை வைத்திருக்கும் அத்தானைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுத்து, "ஒரு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்லு" என்றார். பிறகு இங்கே நர்ஸாக இருக்கிற ஒரு தெரிந்த பெண்ணைக் கூப்பிட்டேன், அவர் நைட் டூட்டி. பிறகு அம்மாவைக் கூப்பிட்டால் லைன் பிஸி, ஏனென்றால் அம்மா என் தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் 6.55-க்கு, "பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று முடிவு சொன்னேன். அரை மணி நேரம். இதில் 108 என்ற எண் என் மண்டையில் ஒரு தடவைகூட உதிக்கவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2010-லேயே வந்துவிட்ட சேவை அது!

சொந்தக்காரர் ஜீப் பனச்சமூட்டிலிருந்து வந்து சேர 7.15. முதலில் போன இடத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது. பிரஷர் அதிகமாக இருக்கிறதென்று நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள், டிரிப் போட்டார்கள், பெரிய டாக்டர் வரட்டும் என்றார்கள். ரெஃபர் சீட்டு கையில் வந்தபோது 8.40. அதாவது 7.30-லிருந்து 70 நிமிடம். இரண்டாவது இடத்தில் சி.டி. இருந்தது, எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் அடைப்பைக் கரைக்கிற ஊசி அங்கே போடுவதில்லை. மறுபடி ரெஃபர். பாலராமபுரம் ஜங்ஷனில் ஆபீஸ் நேர நெரிசல். திருவனந்தபுரத்தில் ஸ்ட்ரோக் டாக்டர் அப்பாவைப் பார்த்தபோது மணி 11.35.

டாக்டர் முதலில் கேட்டது, "கடைசியா நல்லா இருந்தத யாரு, எப்பப் பாத்தீங்க?" அம்மா 5 மணி என்றாள். நாலரை மணி நேரம் என்றால் 9.30-க்கே முடிந்துவிட்டது. பின்னால் தெரிந்தது, அடுத்த தோட்டத்தில் வெட்டுகிறவர் 5.45-க்கு அப்பாவோடு பேசியிருக்கிறார். அவரை யாரும் கேட்கவுமில்லை, ஜீப்பில் ஏற்றவுமில்லை. 5.45 என்று வைத்தாலும் 10.15-தான். கதீட்டர் வழியாக அடைப்பை எடுக்கும் சிகிச்சைக்கும் ஏற்ற நிலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

படியில் உட்கார்ந்திருந்தவரை 6.30-க்கு எந்த வண்டியிலாவது ஏற்றி நேரே போயிருந்தால் 8 மணிக்குத் திருவனந்தபுரம். இதுதான் நான் சொன்ன ஒன்றரை மணி நேரம்.

இந்த நாலரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். ஸ்ட்ரோக்கில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது. மீதி குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருவது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். எது என்று சொல்ல சி.டி. வேண்டும். அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. கசிவாக இருந்தால் நெருப்பில் எண்ணெய். (அத்தான் சொன்னது மாரடைப்புக்கான வைத்தியம். பாவம், அவரும் தூக்கக் கலக்கத்தில்.) அடைப்பைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் தரும் என்று அமெரிக்காவில் 1995-ல் வந்த ஆய்வு காட்டியது. அதை நாலரை மணி நேரம் வரை நீட்டலாம் என்று 2008-ல் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. இப்போது டெனெக்டிப்ளேஸ் என்ற மருந்தும் வந்திருக்கிறது, மணிக்கணக்கில் ஏற்றவேண்டாம், ஒரே ஊசி. பெரிய குழாயில் அடைப்பு என்றால் கதீட்டர் விட்டு அடைப்பை வெளியே எடுப்பது 2015-க்குப் பிறகு நிலைபெற்ற சிகிச்சை. 2018-ல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆகவே "நேரம் போயிற்று, இனி என்ன" என்று வீட்டிலேயே படுக்கவைத்துவிடவும் கூடாது. நேரம் போயிற்றா என்று முடிவு செய்யவேண்டியது ஸ்கேனைப் பார்க்கிற டாக்டர்.

2006-ல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஒரு கணக்குப் போட்டார். பெரிய குழாய் அடைப்பில் சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் கணக்குப் பார்க்கிறவன் கை சும்மா இருக்குமா? முதல் ஆஸ்பத்திரியில் போன 70 நிமிடத்துக்கு 13 கோடியே 30 லட்சம். நான் போன் போட்டுக்கொண்டிருந்த 30 நிமிடத்துக்கு 5 கோடியே 70 லட்சம். இரண்டாவது எண்தான் என் பெயரில் பற்று.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

திருவனந்தபுரத்தில் 2005-ல் ஆறு மாதம் நகரத்திலும் கிராமங்களிலும் ஸ்ட்ரோக் வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ட்ரோக் ரெஜிஸ்ட்ரி என்று பெயர், 2009-ல் வெளியானது. புதிதாக ஸ்ட்ரோக் வருபவர்கள் வருடத்துக்கு லட்சம் பேரில் நகரத்தில் 135, கிராமத்தில் 138. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம். நோய் ஒன்று, மாவட்டம் ஒன்று, சாவு மட்டும் வேறு. இதற்கு வயது, வசதி, கவனிப்பு என்று பல காரணம் இருக்கலாம். எல்லாவற்றையும் ரோட்டின் மேல் போட முடியாது. ஆனால் வெள்ளறடையிலிருந்து கிளம்பி மூன்று வாசல் ஏறி இறங்கியவனுக்கு இந்த இரண்டு எண்ணும் வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

அது பழைய கணக்கு, இப்போது எவ்வளவோ மாறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2019 செப்டம்பரில் கேரள அரசு 'கனிவ் 108' என்று 315 ஆம்புலன்ஸ்களோடு மாநிலம் முழுவதற்கும் சேவையைத் தொடங்கியது. 'சிரஸ்' என்று ஒரு திட்டம் போட்டு மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் ஸ்ட்ரோக் பிரிவு வைத்து, இந்த ஊசியைப் போடுகிறார்கள். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2008-லிருந்து 108 ஓடுகிறது. அவர்களுடைய விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் ஸ்ட்ரோக்கும் ஒரு பிரிவு. ஆக மருந்து இருக்கிறது, வண்டி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். எங்கே ஓட்டை? வீட்டுப் படியிலிருந்து ஆஸ்பத்திரிப் படி வரைக்குமான இடைவெளியில். ஸ்கேன் மெஷின் வாங்குவதற்கு ரிப்பன் வெட்டலாம். இந்த இடைவெளியை அடைப்பதற்கு வெட்ட ரிப்பன் இல்லை, அதனால்தானோ என்னவோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

"பக்கத்து ஆஸ்பத்திரி" என்ற எண்ணத்தைத்தான் முதலில் விடவேண்டும் என்பேன். பாம்பு கடித்தாலும், மரத்திலிருந்து விழுந்தாலும், நெஞ்சு வலித்தாலும் நமக்கு ஒரே பழக்கம், முதலில் பக்கத்தில் காட்டிவிட்டு அப்புறம் பெரிய இடம். ஸ்ட்ரோக்கில் அந்த முதல் நிறுத்தம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. சி.டி.யும் ஊசியும் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட, இருக்கிற இடத்துக்குக் கூடுதலாக அரை மணி ஓடுவது மேல். (மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு அடியோடு போனது என்றால் வேறு விஷயம், மூச்சைக் காப்பாற்றுகிற இடம் எதுவோ அங்கேதான் முதலில்.)

அப்படியானால் ஆம்புலன்ஸா, சொந்த ஜீப்பா? நகரத்துக்காரர்கள் யோசிக்காமல் ஆம்புலன்ஸ் என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் இழுபறி உண்டு. மலையோரத்தில் வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றைய யோகம். ஆனால் 108-ஐக் கூப்பிட்டால் ஒரு லாபம், எங்கே கொண்டுபோவது என்று தெரிந்தவர் ஒருவர் மறுமுனையில் இருப்பார். அதனால் முதலில் அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, வண்டி வர நேரமாகும் என்றால் வாசலில் நிற்கிற ஆட்டோவில் ஏறலாம். எந்த வண்டி என்பதைவிட அது எந்த வாசலில் போய் நிற்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆம்புலன்ஸ் ஆட்களிடம் எதிர்பார்ப்பது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. முகம், கை, பேச்சு மூன்றையும் பார்க்கவேண்டும். விரலில் குத்தி சுகர் பார்க்கவேண்டும், ஏனென்றால் சுகர் அடியோடு இறங்கினாலும் ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும். (அம்மாவின் சந்தேகம் தப்பில்லை, ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றியதுதான் தப்பு.) பிரஷரைத் தடாலென்று இறக்கக்கூடாது, அடைப்பைத் தாண்டி ரத்தம் போவதற்கு உடம்பே ஏற்றி வைத்திருக்கிற பிரஷர் அது. கடைசியாக நன்றாகப் பார்த்தவர் யார் என்று கேட்டு, அவரை வண்டியில் ஏற்றவேண்டும், முடியாவிட்டால் அவர் போன் நம்பரையாவது எழுதிக்கொள்ளவேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிப் போன், "ஸ்ட்ரோக் கேஸ், இத்தனை மணிக்கு வந்தது, இருபது நிமிடத்தில் வருகிறோம்". அந்த ஒரு போனில் ஸ்கேன் டேபிள் காலியாகிறது, டாக்டர் கீழே இறங்கி வருகிறார். உலகத்தில் எங்கெல்லாம் இந்தச் சிகிச்சை ஒழுங்காக நடக்கிறதோ அங்கெல்லாம் அந்தப் போன் இருக்கிறது.

ஜெர்மனியில் ஹோம்பர்க் என்ற ஊரில் 2008-ல் ஆம்புலன்ஸுக்குள்ளேயே சி.டி. மெஷின் வைத்து வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பெர்லின், மெல்போர்ன் என்று பரவிற்று. நம் நாட்டில் அஸ்ஸாமில் ஐ.சி.எம்.ஆர். அந்த மாதிரி வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறது. பார்த்தவுடன் ஆசை வருகிறது, எங்க ஊருக்கும் ஒன்று விடமாட்டார்களா என்று. ஆனால் யோசித்தால், அஸ்ஸாமின் தூரம் வேறு, எங்க தூரம் வேறு. கேரளத்தில் 20 கிலோமீட்டர் போனால் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரி வரும். எங்களுக்குக் குறை இருப்பது வண்டிக்குள் மெஷின் இல்லாததில் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதைவிட ஹிமாசலப் பிரதேசம் செய்தது எங்களுக்குப் பொருத்தம். 2014-லிருந்து அங்கே சி.டி. உள்ள மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சாதாரண எம்.டி. டாக்டரே, சிம்லாவிலும் டாண்டாவிலும் இருக்கும் நரம்பியல் நிபுணரிடம் போனில் கேட்டு, ஸ்கேன் படத்தை அனுப்பிக் காட்டி, ஊசி போடுகிறார். மலைப் பிரதேசம், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய நிபுணர்கள், கையில் செல்போன். அவ்வளவுதான் முதலீடு. அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்த இரண்டாவது இடத்தில் அந்த ஏற்பாடு இருந்திருந்தால், 10 மணிக்கே பேச்சு ஆரம்பித்திருக்கும்.

எங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு, எல்லை. பனச்சமூட்டில் நின்று போன் போட்டால் செல்போன் எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 108 இரண்டு பக்கமும் ஒரே எண், கண்ட்ரோல் ரூம் வேறு. அழைப்பு அந்தப் பக்கம் போய் விழுந்தால் அதை இந்தப் பக்கம் உடனே தள்ளிவிட ஏற்பாடு வேண்டும். அதைவிட நல்லது, எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அது வரட்டும், எந்த ஆஸ்பத்திரியில் சீக்கிரம் ஊசி கிடைக்குமோ அங்கே போகட்டும். பாறசாலைக்காரரைத் திருவனந்தபுரத்துக்கும், களியக்காவிளைக்காரரை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கும் அனுப்புவது வரைபடத்துக்கு நியாயம், மூளைக்கு நியாயமா? எங்க பாட்டி காலத்தில் கஷ்டமான கேஸ் என்றால் நெய்யூர்தான். எவரெஸ்டுக்கு 1922-லும் 1924-லும் போன சோமர்வெல் டாக்டர் கத்தி வைத்த ஆஸ்பத்திரி. மாட்டு வண்டி கட்டிப் போனார்கள். அப்போது நடுவில் எல்லை இல்லை. அவர் பெயரில் காரக்கோணத்தில் இருக்கும் மெடிக்கல் காலேஜுக்கு இன்றைக்கும் இரண்டு மாநிலத்துக்காரர்களும்தான் வந்து போகிறார்கள். நோயாளிகள் தாண்டுகிற கோட்டை ஆம்புலன்ஸும் தாண்டட்டுமே. இரண்டு கலெக்டர்கள் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்.

இன்னொன்று மொழி. இரண்டாவது ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் மலையாளத்தில் பெயர் கேட்டார்கள். அவர் முழித்தார். அம்மா தமிழில் கேட்டதும் ஏதோ முனகினார். வாழ்நாள் முழுக்கச் சந்தையில் மலையாளம் பேசியவர்தான். இரண்டு மொழிக்காரர்களுக்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு மொழியும் ஒரே அளவில் போகவேண்டுமென்பதில்லையாம். ஆகவே பேச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது வீட்டு மொழியில் பார்க்கவேண்டும், வீட்டு ஆளை வைத்துப் பார்க்கவேண்டும். எல்லைக் கிராமங்களில் ஓடுகிற ஆம்புலன்ஸில் இதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

விழிப்புணர்வுக்குப் போஸ்டர் ஒட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வெள்ளறடை ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் டிரைவர்களைக் கூட்டி வைத்து ஒரு மணி நேரம் சொன்னால் போதும். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான். அப்புறம் ஆஷா பணியாளர்கள், குடும்பஸ்ரீ கூட்டம், சர்ச், கோயில் கமிட்டி. வர்ம ஆசான்களையும் சேர்க்கவேண்டும் என்பேன். சிலர் சிரிக்கலாம். ஆனால் எங்க பக்கத்தில் கை கால் விழுந்தால் ஆசானிடம் எண்ணெய் போடக் கொண்டுபோகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. "முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தால், எந்தப் போஸ்டரையும்விட அது செல்லும். விரல் நுனியிலும் காதிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் வாய் நேராகிவிடும் என்று மெயில் காலத்திலிருந்து சுற்றுகிற ஒரு சமாச்சாரம் இருக்கிறதே, அதை அனுப்புகிற படித்த மேதாவிகளைவிட ஆசான்கள் எவ்வளவோ மேல்.

கடைசியாக நம்ம கதை, அதாவது வெளியே இருக்கிறவர்கள் கதை.

எங்கள் தொழிலில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்று உண்டு. மாதா மாதம் வாடகை போகவேண்டும் என்றால் கஸ்டமர் ஒவ்வொரு தடவையும் வந்து கையெழுத்துப் போடுவதில்லை. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார், தேதி வந்தால் அவரைக் கேட்காமலே பணம் போகும். ஊரில் இருக்கும் பெற்றோர் விஷயத்திலும் அதைத்தான் செய்யவேண்டும். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், யாரையும் கேட்காதே. என்னைக் கேட்காதே. முதலில் 108. எந்த ஆஸ்பத்திரி என்பதை நல்ல நாளிலேயே விசாரித்து எழுதி வைத்திருக்கவேண்டும். 24 மணி நேரமும் சி.டி. உண்டா, ஸ்ட்ரோக் ஊசி போடுகிறார்களா, ராத்திரியில் டாக்டர் உண்டா என்று மூன்றே கேள்வி. லீவில் போகும்போது கல்யாண வீடு, காதுகுத்து எல்லாம் சுற்றுகிறோம்; ஒரு காலை நேரம் அந்தக் காஷுவாலிட்டிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தால் என்ன?

பணம் இரண்டாவது பயம். "தம்பி பணம் அனுப்பட்டும், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி போகலாம்" என்று காத்திருக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அப்பா பெயரில் மட்டும் இருக்கிற அக்கவுண்ட் அவர் கை விழுந்த நாளில் பூட்டின பெட்டி மாதிரி. அம்மா பெயரையும் சேர்த்து, யாராவது ஒருவர் கையெழுத்தில் எடுக்கிற மாதிரி மாற்றி வையுங்கள். கொஞ்சம் ரொக்கம் வீட்டில் இருக்கட்டும். காப்பீட்டு அட்டை, ஆதார், சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்ற விவரம், எல்லாம் ஒரே கவரில். ஊசி போடலாமா கூடாதா என்பதையே அந்த ஒரு மாத்திரை மாற்றிவிடும்.

இங்கே இருக்கிற நமக்கும் இது உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். நாற்பது வயதில் பிரஷர் மாத்திரையை "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற கூட்டம்தானே நாம். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998. உங்கள் ஃபிளாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள்.

அப்பா அதற்குப் பிறகு நாலரை வருஷம் இருந்தார். (ஆமாம், வருஷம்.) வலது கை திரும்பவில்லை. நடந்தார், கம்பு ஊன்றி. பேச்சில் மூன்று நாலு வார்த்தைதான் மிஞ்சியது, அதில் ஒன்று "மக்ளே". வீடியோ காலில் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆட்டோ டிரைவரையும் அப்படித்தான், பூனையையும் அப்படித்தான். 2022-ல் நிமோனியாவில் போனார்.

இப்போது அம்மா தனியாக இருக்கிறாள், பிரஷர் உண்டு. அடுக்களைச் சுவரில், சர்ச் காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். தமிழில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக மலையாளத்தில் ஒன்று. முகம், கை, பேச்சு, மணி பார், 108, ஆஸ்பத்திரி பெயர், இரண்டு ஆட்டோ நம்பர். என் நம்பர் கடைசியில், "ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகு" என்று அடியில் கோடு போட்டு. அம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "உன்னக் கேக்காம எப்பிடி மக்ளே?" என்றாள். போன வாரம் பேசும்போது அவளாகவே சொன்னாள், இரண்டாவது ஆட்டோக்காரர் நம்பர் மாற்றிவிட்டாராம், பேனாவால் அடித்துப் புதியது எழுதிவிட்டாளாம்.